எட்டு மாதத்தில் மியூனிக் ஒப்பந்த வேலைக்குத் தாவலாமா?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு 2017தான் ஞாபகம் வந்தது. ஸ்டுட்கார்ட்டில் நிரந்தர வேலை, ஜெர்மனிக்கு வந்து எட்டு மாதம், ப்ரோபெட்சைட் என்ற தகுதிகாண் காலம் முடிந்துவிட்டது, கையில் ப்ளூ கார்டு (படித்த வெளிநாட்டவருக்கான வேலை விசா). இப்போது மியூனிக் கம்பெனி ஒன்று 20 சதவீதம் கூடுதல் சம்பளத்தில் ஒரு வருட ஒப்பந்தம் தருகிறது, நீட்டிப்பு கிட்டத்தட்ட உறுதி என்று எச்.ஆர். சொல்கிறார், மே மாதம் மனைவி சென்னையிலிருந்து வருகிறார், போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது போகாதீர்கள்.

நான் 2016 மார்ச்சில் இதே ஸ்டுட்கார்ட்டுக்கு உன்பெஃப்ரிஸ்டெட் (முடிவுத் தேதி இல்லாத, நிரந்தர) வேலையில் வந்தேன். 18 மாதம் ஆனதும் இதே மியூனிக், இதே ஒரு வருடக் கதை, இதே "நீட்டிச்சிடுவாங்க, கவலைப்படாதீங்க". அப்போதைய விதிப்படி முதல் இரண்டு வருடத்துக்குள் வேலை மாறினால் விசா ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டும். வாங்கினேன். புது கார்டும் வந்தது. அதன் காலாவதித் தேதியைப் பார்த்த பிறகுதான் என்ன செய்துவைத்திருக்கிறேன் என்று உறைத்தது: ஒப்பந்தம் முடிகிற நாளிலிருந்து மூன்று மாதம், 2018 நவம்பர் 30. முதல் கார்டில் நான்கு வருடம் இருந்தது. நானே கையெழுத்துப் போட்டு அதைப் பாதிக்கும் கீழே குறைத்துக்கொண்டேன்.

அப்புறம் வீடு. மியூனிக்கில் ஒரு மூன்றாம் மாடி வீட்டைப் பார்க்கப் படிக்கட்டில் வரிசை, எனக்கு முன்னால் பதினைந்து பேராவது இருப்பார்கள், எல்லார் கையிலும் ஃபைல். மூன்று மாத சம்பளச் சீட்டு, ஷூஃபா என்ற கடன் வரலாற்றுச் சான்று, வேலை ஒப்பந்தம் எல்லாம் வரிசையாக அடுக்கிக் கொடுத்தேன். வீட்டுக்கார அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சம்பளத்தைப் பார்த்துத் தலையாட்டினார். அடுத்த பக்கத்தில் விரல் 'பெஃப்ரிஸ்டெட்', அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், என்ற சொல்லில் வந்து நின்றது. "ஷாடெ" (அடடா, பாவம்) என்றார், அவ்வளவுதான். இப்படி ஏழெட்டு வீடு. கடைசியில் எஸ்-பான் புறநகர் ரயிலின் கடைசி நிறுத்தமான எர்டிங்கில் கிடைத்தது. மூன்று மாத வாடகை டெபாசிட், சாமான் மாற்றிய செலவு, தினமும் போகவர ரயில் எல்லாம் போக, அந்தக் கூடுதல் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது என்ன என்று இன்றுவரை என் மனைவி கேட்கிறாள்.

சம்பளம் என்றதும் ஒன்று. 20 சதவீதம் என்பது கிராஸ், அதாவது பிடித்தத்துக்கு முந்தைய கணக்கு. நீங்கள் இப்போது வரி வகுப்பு 1, தனியாக இருப்பவர் கணக்கு. உங்கள் மாதிரிச் சம்பளத்தில் கூடுகிற ஒவ்வொரு 100 யூரோவிலும் கிட்டத்தட்ட பாதி வரிக்கும் காப்பீட்டுக்கும் போய்விடும். மனைவி வந்து வகுப்பு 3 வாங்கினால் கொஞ்சம் தேவலை. மியூனிக் வாடகையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, வேலை என்ன ஆச்சு? வேலை அருமை, அங்கே கற்றதை வைத்துத்தான் இன்றும் சாப்பிடுகிறேன், பொய் சொல்லக் கூடாது. ஆனால் மே மாதம் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். என்னை யாரும் வேலையை விட்டு எடுக்கவில்லை, தேதி வந்தது, ஒப்பந்தம் தானாக முடிந்தது. காரணம் சொல்ல வேண்டியதில்லை, இழப்பீடும் கிடையாது. முடிவதற்கு மூன்று மாதம் முன்பே ஆர்பைட்ஸ்அம்ட் என்ற வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாது. இரண்டு வாரம் தாமதமாகப் போனதில் வேலையின்மை உதவியில் ஒரு வாரப் பணத்தை வெட்டினார்கள். பணம் கூடப் பரவாயில்லை. மனைவிக்கு ஆறாம் மாதம், அவள் கார்டும் என் கார்டோடு கட்டுப்பட்டது. ஃபிரிட்ஜ் மேல் இருந்த காலண்டரில் நவம்பர் 30ஐ யார் வட்டம் போட்டது என்று தெரியவில்லை, நான் இல்லை. நவம்பர் 12ஆம் தேதி நியூர்ன்பெர்க்கில் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது, ஸ்டுட்கார்ட்டில் வாங்கியதை விடக் குறைந்த சம்பளத்தில்.

இதில் எனக்கு ஆறாத வயிற்றெரிச்சல் ஒன்று. அப்போது ப்ளூ கார்டுக்காரர்களுக்கு பி1 (இடைநிலை) ஜெர்மன் இருந்தால் 21 மாதத்தில் நிரந்தரமாகத் தங்கும் உரிமம், இல்லாவிட்டால் 33. நான் தாவியது 18ஆவது மாதத்தில். பி1 எழுதிவிட்டு மூன்றே மாதம் பொறுத்திருந்தால் அந்த நவம்பர் 30 என்ற தேதியே எங்கள் வாழ்க்கையில் வந்திருக்காது.

உங்களுக்கு விதி இன்னும் இளகியிருக்கிறது. பி1 இருந்தால் அதே 21, ஏ1 (தொடக்கநிலை) மட்டும் என்றால் 27 மாதம். இப்போது எட்டு, ஆக இன்னும் 13 மாதம். அந்த உரிமம் கையில் வந்தபின் ஒப்பந்த வேலை என்பது வெறும் வேலை விஷயம், விசா விஷயம் இல்லை. நான் 2020இல் இரண்டு வருட ஒப்பந்தம் ஒன்றை மறுபடி எடுத்தேன், அதையும் நீட்டிக்கவில்லை. பதிந்துவிட்டு, குழந்தை இருப்பதால் நிகரச் சம்பளத்தில் 67 சதவீதத்தை வேலையின்மை உதவியாக வாங்கிக்கொண்டு, நான்கு மாதம் நிதானமாக வேலை தேடினேன். ஒருநாள்கூடத் தூக்கம் கெடவில்லை.

இன்னொன்று, நீங்கள் இப்போதுதான் ஆறு மாதத்தைத் தாண்டியிருக்கிறீர்கள். பத்துப் பேருக்கு மேல் இருக்கும் கம்பெனி என்றால் பணிநீக்கப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கு இப்போதுதான் பொருந்த ஆரம்பித்திருக்கிறது. அங்கே போனால் மறுபடி ப்ரோபெட்சைட், மறுபடி இரண்டு வார நோட்டீஸ். அதற்காக நிரந்தரம் என்றால் கல்லில் எழுதியது என்று நினைக்க வேண்டாம். ஸ்டுட்கார்ட் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனிகளின் நிலைமை உங்களுக்கே தெரியும், ஆட்குறைப்பு வந்தால் புதிதாக வந்தவருக்குத்தான் ஆபத்து அதிகம். உங்கள் இடத்திலும் அந்த வாடை அடித்தால் தேடுங்கள், ஆனால் இன்னொரு உன்பெஃப்ரிஸ்டெட் வேலையாகத் தேடுங்கள்.

மியூனிக்காரர்களை உடனே மறுக்காமல் ஒரு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள்: இந்த வேலை ஏன் பெஃப்ரிஸ்டெட்? யாரோ எல்டர்ன்சைட்டில் (குழந்தை வளர்ப்பு விடுப்பில்) போயிருக்கிறார் என்றால் அந்த நாற்காலிக்குச் சொந்தக்காரர் திரும்பி வருவார், எச்.ஆர். சொன்ன 'உறுதி' அதோடு முடிந்தது. காரணமே இல்லாத ஒப்பந்தம் என்றால் சட்டப்படி மொத்தம் இரண்டு வருடம், அதற்குள் மூன்று முறை நீட்டிக்கலாம். அவ்வளவு உறுதி என்றால் இப்போதே உன்பெஃப்ரிஸ்டெட்டாகக் கொடுங்கள் என்று கேளுங்கள். கொடுத்தால் எனக்குச் சொல்லுங்கள், வேறு மாதிரி யோசிக்கலாம். கொடுக்காவிட்டால் அந்த மின்னஞ்சலை மூடிவிட்டு, பக்கத்து ஃபோல்க்ஸ்ஹொக்ஷூலேயில் (பெரியவர்களுக்கான கல்வி மையம்) மாலை நேர ஜெர்மன் வகுப்பில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள், சீக்கிரம் நிரம்பிவிடும். மனைவிக்கும் சேர்த்தே விசாரித்து வையுங்கள்.