நகர ஊழியத்தில் யாருக்கு யார் ஆசிரியர்?

மதிப்பிற்குரிய ஐயா,

சென்னையில் ஒரு சேகரத்தின் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகளின்) செயற்குழுவில் இருக்கிறேன். எங்கள் ஆயரையும் எங்களில் நால்வரையும் நகர ஊழியப் பயிற்சிக்காகப் பத்து நாள் முகாமுக்கு அனுப்ப வேண்டும் என்று பேச்சு நடக்கிறது. சுவிசேஷம் கிராமத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று என்று இல்லையே. இறையியல் கல்லூரியில் ஆண்டுக்கணக்கில் படித்த ஆயருக்கு மறுபடியும் எதற்குப் பயிற்சி? வேலைக்கும் வீட்டுக்கும் அலையும் நாங்கள் அதில் என்ன கற்றுக்கொள்ளப் போகிறோம்?

– ஒரு வாசகர், சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

சுவிசேஷம் ஒன்றுதான். அதைக் கொண்டுபோகிறவர் ஏறவேண்டிய படிகள்தாம் ஊருக்கு ஊர் வேறு.

2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களில் ஏராளமானவை நகரின் தெற்கு ஓரத்தில் உள்ள பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளில் குடியேற்றப்பட்டன. அங்கே ஆறாவது மாடியில் ஒரு பெரியவர் இறந்தபோது ஆயர் ஒருவரோடு நானும் போயிருந்தேன். லிஃப்ட் ஓடவில்லை. ஆயர் 90ஆம் சங்கீதத்தை வாசித்து, மனமுருக ஜெபித்தார். ஜெபம் முடிந்ததும் மகன், "அடக்கத்துக்கு என்ன ஐயா செய்யணும்?" என்று கேட்டார். ஆயரிடம் பதில் இல்லை. அவர்களுடைய பழைய ஆலயமும் கல்லறைத் தோட்டமும் நகரத்தின் மறுகோடியில் இருந்தன. வீட்டில் நேர்ந்த மரணத்துக்குச் சான்று எழுதித்தர எந்த மருத்துவர் வருவார் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. கீழ்மாடியில் குடியிருக்கும் அக்கா ஒருவர், நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவர், அதற்குள் மருத்துவருக்குப் போன் செய்திருந்தார். உடலைப் படிவழியே இறக்க இரண்டு பையன்களை நாற்காலியோடு நிறுத்தியிருந்தார். இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும் என்று மகனிடம் இரண்டு முறை சொன்னார். சனிக்கிழமை இரவுகளில் அந்த மாடிப் பெண்களை ஜெபத்துக்குக் கூட்டுகிறவரும் அவர்தான். அவரை இதுவரை எந்தப் பயிற்சிக்கும் யாரும் அழைத்ததில்லை.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தை மறுபடி வாசித்துப் பாருங்கள். ரோமாபுரியிலிருந்து துரத்தப்பட்டு வந்த கூடாரத் தொழிலாளிகளான ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும், வேதாகமங்களில் வல்லவனான அப்பொல்லோவைச் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை அவனுக்கு "அதிக திட்டமாய்" விவரிக்கிறார்கள். எபேசு பட்டணத்தில் பிரசங்கியாருக்குப் பாடம் சொன்னவர்கள் இடம்பெயர்ந்த ஒரு தம்பதியர். ஆயரும் சபையாரும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

முகாம்களைப் பற்றி எனக்கு ஒரு தயக்கம் உண்டு. 1964இல் சிகாகோவில் தொடங்கிய நகர ஊழியப் பயிற்சி மையத்தில், போதகர்களைக் கையில் சில டாலர்களோடு தெருவுக்கு அனுப்பி, சில நாள் அங்கேயே பிழைத்துவரச் சொன்னார்கள். அது பலருடைய கண்ணைத் திறந்திருக்கும். ஆனால் வீடு திரும்பும் நாளைத் தெரிந்து வைத்திருப்பவருக்கு, திரும்ப வீடில்லாதவரின் அறிவு வந்துவிடாது. 1963இல் குவாதமாலாவின் பிரஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி எடுத்த வழியே எனக்கு அதிகம் பிடித்தது. தலைநகரில் படித்தவர்களில் பலர் ஊர்ச் சபைகளுக்குத் திரும்பாததைக் கண்டு, அது ஆசிரியர்களை மாணவர்கள் இருக்கும் இடத்துக்கே அனுப்பியது. மாணவர்கள் தங்கள் தொழிலையும் சபைப் பொறுப்பையும் விடாமல் வீட்டில் பாடம் படித்து, குறித்த நாளில் கூடி ஆசிரியரோடு விவாதித்தார்கள்.

ஆகவே பயிற்சியே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். பத்து நாளை ஒரே மூச்சில் முடிக்காமல், வாரத்துக்கு ஒரு கூடுகை என்று ஓராண்டுக்குப் பரப்பித் தரும்படி உங்கள் செயற்குழுவில் கேளுங்கள். வகுப்பை ஆலய வளாகத்தில் வைக்காமல், உங்கள் சபையார் குடியிருக்கும் ஏதாவதொரு மாடியில், வேலைக்குப் போன பெண்கள் வீடு திரும்பிய பிறகு வையுங்கள். முதல் நாள் பாடத்தை, அந்த அக்காவைப் போல உங்கள் சேகரத்திலும் நிச்சயமாக இருக்கும் ஒருவர் நடத்தட்டும். ஆயர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து எழுதிக்கொள்ளட்டும்.