‘ஏற்றுக்கொள்’ என்கிறார்களே, அதை எப்படிச் செய்வது?

“ஏற்ற இறக்கம் இருப்பதுதான் வாழ்க்கை, ஏற்றுக்கொள் என்று எல்லாரும் சொல்கிறார்கள், எப்படி என்று மட்டும் யாரும் சொல்வதில்லை” என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை போயிருக்கலாம், உறவு முறிந்திருக்கலாம், வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் இருக்கலாம். எதுவானாலும், ராத்திரி தூக்கம் வராமல்தான் இந்தக் கேள்வியைத் தட்டியிருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

‘பட்ட காலிலே படும்’ என்றால் விதியைத்தான் சொல்கிறோம் என்று நினைக்கிறோம். அதில் பாதிக்கு விதி தேவையே இல்லை. முதல் அடி விழுகிறது, தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டவர் போடக்கூடாத இடத்தில் கையெழுத்துப் போடுகிறார், கத்தக்கூடாத ஆளிடம் கத்துகிறார், தவணைத் தேதியை மறக்கிறார். இரண்டாவது அடி அங்கிருந்துதான் கிளம்புகிறது. அதனால் விழுந்த அடியை ஏற்றுக்கொள்வதற்கு அவசரப்படாதீர்கள். அடுத்த அடியைத் தடுப்பது முதல் வேலை. ஏற்பதெல்லாம் மெதுவாகப் பின்னால் வரும்.

தூக்கத்தில் தொடங்குங்கள். எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழும் நேரம் ஒன்றேயாக இருக்கட்டும், விடுமுறை நாளிலும் கூட. படுத்து ஏறக்குறைய 20 நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள்; கண் சொருகினால் மட்டும் திரும்புங்கள். ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் 1972-இல் எழுதிய முறை இது, இன்றும் தூக்கமின்மைச் சிகிச்சையில் இதற்கு இடம் உண்டு. படுக்கை என்றாலே புரளும் இடம் என்று உடம்பு பழகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தை அறுப்பதுதான் நோக்கம். கெடுவது எங்கே என்றால், 20 நிமிடத்தைக் கடிகாரம் பார்த்து எண்ணுவதில். கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள், குத்துமதிப்பு போதும். எழுந்ததும் போனை எடுப்பது அடுத்த தப்பு. குடித்தால் தூக்கம் வருகிறதே என்பவர்களுக்கு: வரும், பின்னிரவில் உடைந்துபோகும். முதல் சில நாள் முன்னைவிட அசதியாக இருக்கும். அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பகல் கவலைக்கு வேறு வைத்தியம். ‘அதை நினைக்காதே’ என்று தோளைத் தட்டுகிறார்களே, அது ஏன் பலிப்பதில்லை என்று உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் ஒரு சோதனையில் காட்டிவிட்டார். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்றார்; வந்தவர்களால் முடியவில்லை. பிறகு நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது. ஆகவே கவலையை விரட்டாதீர்கள், நேரம் ஒதுக்குங்கள். தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1983-இல் சோதித்த வழி இது: தினமும் அரை மணி நேரம், அதே வேளை, அதே நாற்காலி. படுக்கையில் வேண்டாம், தூங்கப் போகும் நேரத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம். காலை 11 மணிக்கு மனம் குடைந்தால் ஒரு துண்டுத் தாளில் ‘கடன் தவணை, பதில் வரவில்லை’ என்று நாலு சொல் எழுதிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். மாலையில் எடுத்து விரித்தால் சில வரிகள் ஏற்கெனவே செத்திருக்கும். மீதிக்கு ஒரே கேள்வி: இரண்டு நாளுக்குள் என்னால் செய்யக்கூடியது ஏதாவது இதில் உண்டா? உண்டென்றால் செயலும் நேரமுமாக எழுதுங்கள்: ‘நாளை 10 மணிக்கு வங்கிக்குப் போன் செய்து தவணையைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்பது.’ ‘பணப் பிரச்சினையைச் சரிசெய்ய வேண்டும்’ என்று எழுதினால் அது மறுநாளும் அப்படியே கவலையாகத்தான் வந்து நிற்கும். இல்லையென்றால் ‘என் கையில் இல்லை’ என்று எழுதுங்கள். ஏற்றுக்கொள்வது என்று ஊர் சொல்வது என் பார்வையில் இவ்வளவுதான்: அந்த மூன்று சொல்லை ஒரே வரிக்குப் பக்கத்தில் பத்து நாள் எழுதுவது.

முடிவுகளில் கட்டணம், மருந்து, கெடு தேதி போன்றவற்றைத் தள்ளக்கூடாது. வீட்டை விற்பது, வேலையை எறிவது, உறவை அறுப்பது மாதிரியானவற்றை ஆறு வாரம் தள்ளி நாட்காட்டியில் குறித்துவிடலாம். ஆறு வாரம் என்பது என் அளவு, ஆராய்ச்சி முடிவு என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வீட்டில் அடி உதை வாங்குபவர் தள்ளிப்போடவும் கூடாது, ஏற்றுக்கொள்ளவும் கூடாது. முதலில் வெளியேற வேண்டும்.

எழுதினால் பாரம் குறையும் என்பார்கள். உண்மை, ஆனால் அளவோடு. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரின் 1986 ஆய்வில் மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், நடந்ததையும் பட்டதையும் சேர்த்தே எழுதினார்கள். எழுதிய கையோடு மனம் இன்னும் கனத்தது. பிறகு வந்த மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. அடி விழுந்த அன்றே இதில் இறங்காதீர்கள். மாதக் கணக்கில் அதையே எழுதினால் அது புண்ணைச் சொறிவது.

இங்கே ஒரு ஆதங்கம். துக்கத்துக்கு மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து கட்டம் போட்ட ஒரு வண்ணப்படம் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969-இல் அதை எழுதியது சாகக் கிடந்த நோயாளிகளோடு பேசி. அதை எடுத்து, கணவனைப் பறிகொடுத்தவளிடம் “இன்னும் கோபக் கட்டத்திலேயே இருக்கிறாயே” என்று மார்க் போடுகிறார்கள். எல்லாரும் அதே வரிசையில் போவதில்லை. சிலருக்குக் கோபமே வராது. அழாதவரைக் கல்நெஞ்சு என்பதும் அநியாயம்.

இறக்கத்தைப் பற்றியே பேசுகிறோம், ஏற்றமும் ஏமாற்றும். 1978-இல் உளவியலாளர் பிலிப் பிரிக்மன் குழு லாட்டரி விழுந்த 22 பேரையும், விபத்தில் உடல் செயலிழந்த 29 பேரையும், வேறு சாதாரண ஆட்களையும் விசாரித்தது. பரிசு பெற்றவர்கள் மற்றவர்களைவிடப் பெரிதாக மகிழ்ச்சியாக இல்லை; அன்றாடச் சின்னச் சின்ன சந்தோஷங்கள் அவர்களுக்குக் குறைவாகவே இனித்தன. விபத்தில் சிக்கியவர்கள் மற்றவர்களைவிடத் துயரத்தில்தான் இருந்தார்கள், ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஆட்கள் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஆறு வாரக் கணக்கைப் பதவி உயர்வு வந்த வாரத்துக்கும் போடுங்கள். பெரிய கடன் பல அந்த வாரத்தில்தான் வாங்கப்படுகிறது.

இதெல்லாம் கஷ்டத்துக்கு, நோய்க்கு அல்ல. இரண்டு வாரமாக அநேகமாக எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி மனம் இருண்டே கிடந்தால், எதிலும் பிடிப்பில்லாமல் போய்த் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் மருத்துவரிடம் போங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், இன்றே போங்கள்; போகும்வரை தனியாக இருக்காதீர்கள். உள்ளே போய் ‘மனசு சரியில்லை’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், எத்தனை நாளாக, ராத்திரிக்கு எத்தனை மணி நேரம் தூக்கம், எடை எவ்வளவு குறைந்தது, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், சாகிற எண்ணம் உண்டா என்பதைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வாய் வராவிட்டால் தாளையே நீட்டிவிடலாம்.