நல்ல வேலைக்கார டெரியருக்கு (வளைக்குள் புகுந்து வேட்டையாடும் சின்ன நாய்) என்ன குணம் வேண்டும்? அந்தக் காலத்துக்கும் இன்றைக்கும் அதில் என்ன மாறியிருக்கிறது?

டெரியர் என்றாலே பாய்ந்து கடித்துக் குதற வேண்டும், எவ்வளவு மூர்க்கமோ அவ்வளவு நல்ல வேலைநாய், இது சரியா என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை. மூர்க்கமான டெரியர் சுலபமாகக் கிடைக்கும். புத்தியுள்ள டெரியர்தான் கிடைக்காது. பன்னிரண்டு வருடம் இந்த நாய்களோடு அலைந்த பிறகு இதை நிச்சயமாகச் சொல்கிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஹெரிஃபோர்ட்ஷயரில். கோழிப்பண்ணைகளுக்கு மின்வேலை செய்கிறேன். அதில் பாதி, எலி கடித்த வயர்களை மாற்றுவது. கொட்டகையில் ஃபேன் நின்றுபோனால் கோழிகளுக்கு மூச்சு முட்டிவிடும். ஒரு வயர் போனால் ஒரு கொட்டகையே போகலாம். அப்படி ஒரு பண்ணையில்தான் அந்தப் பெரியவரை முதலில் பார்த்தேன். ஓய்வுபெற்ற கேம்கீப்பர், அதாவது பெரிய எஸ்டேட்டில் சுடுவதற்காக வளர்க்கும் ஃபெசன்ட் பறவைகளைக் காவல் காத்தவர். மூன்று டெரியர்களோடு வந்தார். வண்டியிலிருந்து இறங்கிய நாய்கள் குரைக்கவில்லை, ஒன்றையொன்று உறுமவில்லை, பக்கத்தில் மேய்ந்த கோழிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மதியத்துக்குள் 140 எலிக்கு மேல் வரிசையாகக் கிடந்தன. எனக்கு டெரியர் பைத்தியம் பிடித்தது அன்றைக்குத்தான்.

முதலில் பழைய கதை. டெரியர் என்ற பெயரே மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மண்ணுக்குள் போகும் நாய், அவ்வளவுதான் பொருள். 1570இல் ஜான் கயஸ் என்ற மருத்துவர் இங்கிலாந்து நாய்களைப் பற்றி லத்தீனில் எழுதிய புத்தகத்திலேயே, நரியையும் பேட்ஜரையும் வங்குக்குள் புகுந்து வெளியே விரட்டும் நாய் என்று இது வருகிறது. (பேட்ஜர் என்பது இங்குள்ள, மண் தோண்டி வாழும் கறுப்பு வெள்ளை முகக்காரப் பிராணி.) வெளியே விரட்டும் என்பதைக் கவனியுங்கள். உள்ளேயே கடித்துக் குதறுவதையும் அவர் சொல்கிறார், ஆனால் வெளியே விரட்டுவதும் அதன் வேலையாகவே வருகிறது.

ஜாக் ரஸ்ஸல் என்று ஊரெல்லாம் தெரிந்த இனத்துக்குப் பெயர் கொடுத்தவர் ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியார். 1795இல் பிறந்து 1883இல் இறந்தவர். டெவன் மாவட்டத்தில் ஸ்விம்பிரிட்ஜ் என்ற சின்ன ஊரில் நாற்பது வருடத்துக்கு மேல் பாதிரியாராக இருந்தார். 1819இல், ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்தபோது, மார்ஸ்டன் கிராமத்துப் பக்கம் ஒரு பால்காரரிடம் நின்ற வெள்ளைப் பெட்டை நாயைப் பார்த்து, விடாப்பிடியாகப் பேசி வாங்கினார். ட்ரம்ப் என்பது அதன் பெயர். கண்ணிலும் காதிலும் பழுப்புத் திட்டு, வால் தொடங்கும் இடத்தில் காசு அளவுக்கு ஒரு பொட்டு, அடர்ந்த சொரசொர முடி, நேரான கால்கள், வளர்ந்த பெண் நரியின் உயரம் என்று அவரைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்பு அதை வர்ணிக்கிறது.

ரஸ்ஸல் குதிரையில் ஏறி, மோப்பம் பிடித்துத் துரத்தும் ஹவுண்ட் நாய்க்கூட்டத்தோடு நரி வேட்டையாடியவர். துரத்தப்படும் நரி ஏதாவது வங்குக்குள் ஒளிந்துகொண்டால் ஆட்டம் நின்றுபோகும். அப்போது டெரியரை உள்ளே விட வேண்டும். டெரியர் நரியின் முகத்துக்கு முன்னால் நின்று குரைத்து, சீண்டி, இனி இங்கே இருக்க முடியாது என்று அதற்குத் தோன்ற வைக்க வேண்டும். நரி வெளியே ஓடும், வேட்டை தொடரும். உள்ளேயே நரியைக் கடித்துக் கொன்றுவிடும் டெரியர் அவருக்கு உபயோகமில்லாத டெரியர். தன் நாய்கள் ரத்த ருசி அறியாதவை என்பதில் அவருக்குப் பெருமை இருந்தது. இன்றைக்கு அவர் பெயரைச் சொல்லி "செம மூர்க்கம்" என்று குட்டி விற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. வடக்கே லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் குதிரை ஏறாது. நடந்தேதான் வேட்டை. அங்கே நரி, ஆட்டுக்குட்டியைத் தூக்கிப் போகும் எதிரி. நரி சாக வேண்டும் என்பதுதான் இடையர்களின் தேவை. வங்கும் மண்ணில் இல்லை, மலைச்சரிவில் உருண்டு கிடக்கும் பாறைக் குவியலுக்குள். உள்ளே போன நாய் பாறை இடுக்கில் மாட்டினால் மண்வெட்டியால் தோண்டி எடுக்க முடியாது. கல்லைப் பெயர்க்க வேண்டும், சில சமயம் நாள்கணக்கில். அதனால் லேக்லேண்ட் டெரியர்களை ஒடுங்கிய உடம்போடும், மழையும் பனியும் ஊடுருவாத முடியோடும், பின்வாங்காத குணத்தோடும் வளர்த்தார்கள். டெவன் பாதிரியார் வேண்டாம் என்று ஒதுக்கியிருக்கக்கூடிய நாய், அந்த இடையருக்குத் தங்கம்.

ஸ்காட்லாந்து எல்லையில், செவியட் மலைகளில் வளர்ந்த பார்டர் டெரியர் இவை இரண்டுக்கும் நடுவில் வரும். குதிரைக்குப் பின்னால் நாள் முழுக்க ஓட வேண்டும், வங்குக்குள்ளும் நுழைய வேண்டும். காலும் வேண்டும், ஒடுக்கமும் வேண்டும். ஆண் நாயே ஆறேழு கிலோவைத் தாண்டாது. கடித்தாலும் சதைக்குப் போகாமல் தடுக்கும் தடித்த, தளர்ந்த தோல். நான் இப்போது வைத்திருப்பது இந்த இனம்தான், அதனால் கொஞ்சம் பாசம் தூக்கலாகவே எழுதுவேன்.

சரி, உடம்புக்கு வருகிறேன். இதை நான் நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டேன். என் முதல் டெரியர் கண்காட்சிப் பரம்பரையில் வந்தது. பாண்டி என்று பெயர் வைத்தேன். அழகன். மார்பு நன்றாக விரிந்து ஜம்மென்று நிற்பான். விற்றவர் அதையே பெருமையாகச் சொன்னார். எட்டாவது மாதமோ ஒன்பதாவது மாதமோ, பண்ணையில் ஒரு பழைய கல்சுவருக்கு அடியில் எலி பின்னால் தலையை விட்டான், தோள் போனது, மார்பு மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. சுவரைக் கல் கல்லாகப் பிரித்து எடுக்க ஐந்து மணி நேரம். அவன் பிழைத்தான். ஆனால் அதன் பிறகு எந்த ஓட்டைக்குள்ளும் அவனை விடவில்லை. கடைசி வரை வீட்டு நாயாகச் சந்தோஷமாக இருந்தான்.

அன்றைக்கு மாலை பெரியவர் என் எதிரில் தன் நாயைத் தூக்கி, முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி இரண்டு கையையும் வைத்தார். இரண்டு கட்டைவிரலும் மேலே தொட்டன, விரல் நுனிகள் கீழே தொட்டன. அதுதான் அளவு. வளர்ந்த நரியின் மார்புச் சுற்றளவு சுமார் 14 அங்குலம். நரி போன வழியில் நாயும் போக வேண்டுமென்றால் அதே அளவில் இருக்க வேண்டும், அதோடு அமுக்கினால் நெகிழவும் வேண்டும். உயரம்கூட அவ்வளவு முக்கியமில்லை. கால் நீளமாக இருந்தால் மடக்கிக்கொள்ளும். பீப்பாய் மாதிரி விரிந்த மார்பை எதுவும் செய்ய முடியாது. டெரியர் வாங்கப் போகும் யாருக்கும் நான் சொல்வது, குட்டியைப் பார்க்கும் முன் தாயைத் தூக்கி இரண்டு கையாலும் சுற்றிப் பாருங்கள்.

கண்காட்சி மேல் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. 1873இல் இங்கிலாந்தில், நாய் இனங்களைப் பதிவு செய்யும் சங்கமான கென்னல் கிளப் தொடங்கியபோது அதில் சேர்ந்த முதல் ஆட்களில் ரஸ்ஸலும் ஒருவர். ஆனால் தன் வேலைநாய்களை அவர் கண்காட்சிக்குக் கொண்டுபோகவில்லை. காட்டு ரோஜாவுக்கும் தோட்டத்து ரோஜாவுக்கும் உள்ள வித்தியாசம்தான் இரண்டுக்கும் என்பது அவர் எண்ணம். அவர் பயந்தபடியே நடந்தது. ஃபாக்ஸ் டெரியரின் தலை நீண்டது, தோள் செங்குத்தானது, மார்பு ஆழமானது. வேல்ஸில் பேட்ஜர் வேலைக்காக உருவான சீலிஹாம் இன்னும் பரிதாபம். 1911இல் கென்னல் கிளப் அங்கீகாரம் பெற்று ஒரு காலத்தில் சினிமா நட்சத்திரங்கள் மடியில் இருந்த இனம். 2008இல் பிரிட்டனில் பதிவான குட்டிகள் 43. தன் நாயும் இப்படிக் கண்காட்சி இனமாகிவிடும் என்ற பயத்தால்தான், 1974இல் தொடங்கிய பிரிட்டிஷ் ஜாக் ரஸ்ஸல் கிளப் கென்னல் கிளப்பில் சேர்வதை நெடுங்காலம் எதிர்த்தது.

அடுத்தது குரல். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. அந்தக் காலத்தில் நாய் வங்குக்குள் போனால், மேலே இருப்பவர் தரையில் காதை வைத்துப் படுத்துக் கேட்பார். நாய் ஒரே இடத்தில் நின்று விடாமல் குரைத்தால்தான் எங்கே தோண்டுவது என்று தெரியும். வாயை மூடிக்கொண்டு நேராகக் கடிக்கப் போகும் நாய், மண்ணுக்கடியில் தொலைந்த நாய். எதிரிக்கு முன்னால் ஒரு அடி தள்ளி நின்று, கடி வாங்காமல், நகராமல், மணிக்கணக்கில் குரைக்க எவ்வளவு நிதானம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். 1970களில் கழுத்துப் பட்டையில் மாட்டும் சிறிய டிரான்ஸ்மிட்டர் வந்தது. மேலே கையில் பெட்டியை வைத்துக்கொண்டு நடந்தால் நாய் எங்கே, எத்தனை அடி ஆழத்தில் என்று தெரிந்துவிடும். எத்தனையோ நாய்களின் உயிரைக் காப்பாற்றிய கருவி அது. ஆனால் குரலில்லாத மூர்க்க நாய்களையும் அதுதான் பிழைக்க வைத்தது என்பது என் கருத்து. குரல் இல்லாவிட்டாலும் கண்டுபிடித்துவிடலாம் என்றானதும், குரலுக்காகத் தேர்ந்தெடுத்து வளர்ப்பது குறைந்துபோனது.

இன்றைய நிலைமை வேறு. 2005 பிப்ரவரி 18 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை வைத்து நரி வேட்டையாடத் தடை இருக்கிறது. டெரியரை வங்குக்குள் விட ஒரு சின்ன விலக்கு மட்டும் உண்டு: சுடுவதற்காக வளர்க்கும் பறவைகளைக் காக்க, நில உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதியோடு, ஒரே ஒரு நாயை விடலாம், நரியைக் கூடிய விரைவில் வெளியே கொண்டுவந்து சுட வேண்டும். பேட்ஜருக்கு 1992 சட்டம் தனிப் பாதுகாப்பு கொடுக்கிறது. இருந்தும் இரவில் பேட்ஜர் வங்குகளில் நாயை விட்டுச் சண்டை பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். தாடை கிழிந்த, மூக்கு பிய்ந்த நாய்களை மருத்துவரிடம்கூடக் கொண்டுபோகாமல் வைத்திருப்பார்கள். அது வேலை இல்லை, கொடுமை. தழும்பைக் காட்டிப் பெருமைப்படும் ஆளிடம் குட்டி வாங்காதீர்கள்.

நில உரிமையாளர் சம்மதத்தோடு எலிக்கும் முயலுக்கும் அந்த வேட்டைத் தடைச் சட்டத்தில் விலக்கு உண்டு. அதனால் இப்போது டெரியரின் உண்மையான வேலை எலிதான். 1958இல் ஸ்காட்லாந்தில் முதன்முதலாக எலிமருந்துக்குச் சாகாத எலிகளைக் கண்டுபிடித்தார்கள். இன்றைக்கு அப்படிப்பட்ட எலிகள் நாட்டின் பல பகுதிகளில் இருக்கின்றன. மருந்து தின்ற எலியைத் தின்று ஆந்தையும் சாகிறது. ஆகவே பண்ணைக்காரர்கள் திரும்பவும் நாயைக் கூப்பிடுகிறார்கள்.

வேலை நடக்கும் விதம் இது. பழைய செயின்சா இயந்திரத்தை மாற்றியமைத்து, அதன் புகையை வளைக்குள் ஊதுவார்கள். எலிகள் எல்லா ஓட்டையிலிருந்தும் தெறித்து ஓடும். நாய் பிடித்து ஒரே உதறல், கழுத்து முறிந்துவிடும், கீழே போட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். செத்த எலியை வைத்து விளையாடும் நாயால் நாலு எலி தப்பிக்கும். பக்கத்து நாய் வாயிலிருந்து பிடுங்கப் போகும் நாயால் சண்டை வரும். 1823இல் லண்டனில் பில்லி என்ற நாய் ஐந்தரை நிமிடத்தில் 100 எலிகளைக் கொன்றதாகப் புகழ் பெற்றது. ஆனால் அது பந்தயத்துக்காகக் குழிக்குள் அடைத்த எலிகள். பண்ணையில் எலியைக் கொல்வது கடைசி ஒரு நொடி வேலை. எலி எங்கே என்று கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அப்புறம் உடல்நலம். எலி மூத்திரத்தால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் நாயையும் கொல்லும், ஆளையும் கொல்லும். வருடா வருடம் நாய்க்குத் தடுப்பூசி, நமக்குக் கையுறை, இதில் சமரசமே கூடாது. மருந்து வைத்த பண்ணைக்கு நாயைக் கூட்டிப் போகக் கூடாது. போவதற்கு முன் கேட்டே ஆக வேண்டும்.

இந்த வேலையில் நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பது நேர்மையை. நாய்க்கு நேர்மையா என்று கேட்காதீர்கள். நல்ல டெரியர் ஒவ்வொரு வளையாக மோந்து பார்த்துப் போகும். உள்ளே ஆள் இல்லையென்றால் நிற்காது. இருந்தால் உறைந்து நிற்கும், வால் நுனி மட்டும் நடுங்கும், நம்மைத் திரும்பிப் பார்க்கும். சரியில்லாத நாய், நாம் பாராட்டுவோம் என்று காலி வளையிலும் நின்று மண்ணைக் கிளறும். மூன்று முறை ஏமாந்தால் அதன் பேச்சை நம்ப மாட்டோம். பெரும்பாலும் அது நம் தப்புதான். ஒரு வயதுக்கு முன்பே அவசரப்பட்டு வேலையில் இறக்கி, எதற்கெடுத்தாலும் தட்டிக்கொடுத்து, அதற்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருப்போம்.

என் பார்டர் பெட்டைக்கு மிளகு என்று பெயர். நிறம் அப்படி. இப்போது பத்து வயது, ஒரு காது சரியாகக் கேட்பதில்லை. போன குளிர்காலத்தில் ஒரு பண்ணையில் தீவனக் கிடங்குக்குப் பின்னால் பெரிய வளை ஒன்று, வாசலில் புது மண், புது எச்சம். இளம் நாய்கள் இரண்டும் அங்கேயே நின்று கத்தின. பண்ணைக்காரரும் இதில்தான் இருக்கிறது என்றார். மிளகு வந்தாள், ஒரு மூச்சு இழுத்தாள், திரும்பி நடந்து ஏழெட்டு அடி தள்ளி உடைந்த ஒரு கான்கிரீட் பலகை ஓரத்தில் போய் நின்றாள். அங்கே ஓட்டையே தெரியவில்லை. புகைக்காரரிடம் முதலில் வளையில் ஊதச் சொன்னேன், ஒன்றும் வரவில்லை. பலகையை நெம்பித் தூக்கினோம். பதினேழு எலி. அவள் ஆறு பிடித்தாள், மிச்சத்தைச் சின்னவர்களுக்கு விட்டுவிட்டு என் காலடியில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.