போத்தலில் ஒட்டிய பெயர்

ஐயா,
உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். உயர்தரப் பரீட்சை முடிந்து வீட்டில் இருக்கிறேன். பென்சில் கரியைத் தூளாக்கி, தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் விட்டு, அம்மாவின் பிளெண்டரில் அடித்தேன். இரண்டு நாளாகியும் மேல்நீர் தெளியவில்லை, சாம்பல் நிறமாகவே நிற்கிறது. போத்தலில் ‘கிராஃபீன்’ என்று எழுதி ஒட்டிவிட்டேன். சரிதானே? அடுத்து பற்றரி அசிட்டும் பெர்மாங்கனேட்டும் வைத்துச் செய்யலாமா? இதில் தொழில் தொடங்க முடியுமா?

தம்பி,

அசிட் கதையை முதலில் முடிப்போம். கூடாது. செறிந்த சல்பூரிக் அமிலமும் பெர்மாங்கனேட்டும் சேர்ந்தால் வெடிக்கிற மங்கனீஸ் ஒக்சைட் உண்டாகும். கண்ணைக் கொடுத்துவிட்டு எதைப் பார்க்கப் போகிறீர்? கிராஃபீன் என்றால் கிராஃபைட்டின், அதாவது பென்சில் கரியின், ஒரே ஓர் அணுத் தடிப்புள்ள ஒற்றைப் படை. அந்த வழியில் வருவதும் கிராஃபீன் இல்லை, கிராஃபைட் ஒக்சைட். தொழிலைப் பிறகு பார்க்கலாம்.

பிளெண்டர் வேலை நல்ல வேலை. 2014இல் டப்ளினில் கோல்மன் என்ற விஞ்ஞானியின் குழுவினரும் சவர்க்கார நீரில் கிராஃபைட்டைப் போட்டு இப்படித்தான் அடித்துக் காட்டினார்கள். என்னை உறுத்துவது நீர் ஒட்டிய அந்தப் பெயர்தான்.

பத்து வயதில் புல்மோட்டைக் கடற்கரையில் கறுப்பு மணல் அள்ளி வந்தேன். போத்தலில் அடைத்து ‘காரீயம்’, அதாவது கிராஃபைட், என்று எழுதி, ஒரு வருடம் ஊரெல்லாம் காட்டித் திரிந்தேன். எங்கள் விஞ்ஞான வாத்தியார் ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தாளில் தேய்த்தார். “கோடு விழவில்லையேடா” என்றார். அவ்வளவுதான். அது இல்மனைட், இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த கனிமம். தாளும் விரலும் ஒரு வருடமாக என்னிடமும் இருந்தன. தேய்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. பெயர்தான் முன்னமே வைத்தாயிற்றே!

கெய்ம், நோவோசெலோவ் என்ற பௌதிகவியலாளர்கள் 2004இல் கிராஃபைட்டைச் செலோடேப்பால் உரித்துக் கிராஃபீன் எடுத்தார்கள் என்பதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். டேப்பால் யாரும் உரிக்கலாம். உரிந்ததில் எது ஒற்றைப் படை என்று கண்டுபிடித்தார்களே, அதுதான் பாடு. ஒற்றைப் படை தன்மேல் விழும் ஒளியில் 2.3 சதவீதத்தைத்தான் உறிஞ்சும். சரியான தடிப்பில் ஒக்சைட் பூசிய சிலிக்கன் தகட்டில் வைத்ததால்தான் நுணுக்குக்காட்டியில் அது தெரிந்தது. உமது நீர் சாம்பலாக நிற்பதற்கு, பல படை சேர்ந்த சின்னத் துணுக்குகள் மிதந்தாலே போதும். ஒற்றைப் படையும் இருக்கலாம், இல்லை என்று நான் சொல்லவில்லை. லேசர் ஒளியை விட்டு, சிதறி வரும் ஒளியைப் பார்க்கும் ராமன் நிறமாலை எடுத்தால் தெரியும். பல்கலைக்கழகத்துக்குப் போனதும் யாரிடமாவது கெஞ்சிக் கேளும்.

அதுவரை அந்த லேபிளைக் கிழித்துவிட்டு ‘பென்சில் தூள், சவர்க்காரம், தண்ணீர்’ என்று எழுதும். எத்தனை கிராம், எத்தனை நிமிடம், என்ன திகதி, அதையும் எழுதும்.

அப்புறம், அந்த பிளெண்டரில் இனிச் சம்பல் அரைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டீரா?