ஆமைக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் சால்மொனெல்லா போய்விடுமா?

போகாது. நல்லபடியாக இருக்கும் நீர் ஆமைக்கு முன்னெச்சரிக்கையாக மருந்து கொடுத்து, மனிதர்களுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தருகிற சால்மொனெல்லாக் கிருமியை ஒழிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனேகமாக மீன் தொட்டிக்குப் போடும் பொடி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறீர்கள். நானும் அப்படி நின்றவன்தான்.

என் சிவப்புக்காது ஆமைக்கு ஒரு நாள் இமைகள் வீங்கிக் கண்ணே திறக்கவில்லை. கிருமிதான் என்று நானே முடிவு கட்டி, தொட்டித் தண்ணீரில் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கரைத்தேன். கொஞ்சம் தெளிந்த மாதிரி தெரிந்ததும் நிறுத்துவேன், மறுபடி வீங்கியதும் போடுவேன். மூன்று மாதம் இந்தக் கூத்து. அப்புறம் ஒரு பக்கக் காதில் கோலிக்குண்டு அளவுக்குப் புடைத்தது. கால்நடை மருத்துவர் என்ன தீனி என்றுதான் முதலில் கேட்டார். காய்ந்த இறால், வருடக்கணக்காக அது மட்டும். இமை வீங்கியது வைட்டமின் ஏ குறைவால். காதுக் கட்டிக்கும் பெரும்பாலும் அதுவே அடிப்படையாம். மூன்று மாதமும் நான் இல்லாத நோய்க்கு மருந்து கரைத்திருக்கிறேன்.

ஊர்வனவற்றின் சீழ் நம்முடையது போல ஒழுகாது. கட்டியைக் கீறியதும் மெழுகு உருண்டை மாதிரி முழுசாக வந்து விழுந்தது. என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்க அதைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினோம். வந்த பதில், சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. ரிப்போர்ட்டில் மருந்துப் பெயர்கள் வரிசையாக இருந்தன, எதிரே ஆர், ஆர், ஆர் என்று ஒரே எழுத்து. 'இந்த மருந்துக்கு மசியாது' என்று அர்த்தம். கால்நடை மருத்துவர்கள் வழக்கமாகக் கொடுக்கும் என்ரோஃப்ளாக்சசினுக்கு எதிரேயும் அதே ஆர். கடைசியில் செஃப்டாசிடிம் என்ற மருந்துக்குத்தான் கேட்டது. முன்காலில் ஊசி, அதுவும் மூன்று நாளுக்கு ஒன்று. இந்தப் பிராணிகளின் உடம்பு மருந்தை அவ்வளவு மெதுவாகத்தான் வெளியேற்றும்.

சூடோமோனாஸ் இயல்பிலேயே டெட்ராசைக்ளினுக்கு அடங்காத கிருமி, அதற்கு நீ என்ன செய்வாய் என்று யாராவது திருத்த வருவீர்கள். சரிதான். ஆனால் தொட்டியில் மற்ற கிருமிகளையெல்லாம் அடித்துவிட்டு அதற்கு இடம் ஒழித்துக் கொடுத்தது நான்தானே?

சால்மொனெல்லா விஷயத்துக்கு வருகிறேன். ஆமைக்கு அது நோயே அல்ல, குடலில் சும்மா குடித்தனம் நடத்தும். எல்லா நாளும் வெளியே வராது, அதனால் ஒரு பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும் நம்ப முடியாது. குழந்தைகளுக்கு ஆமையிடமிருந்து இது தொற்றியதால் அமெரிக்காவில் 1975இல், ஓடு 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்கத் தடை வந்தது. லூசியானா பண்ணைகளில் முட்டைகளை ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கில் முக்கி எடுத்து, கிருமி இல்லாத குஞ்சு என்று வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். கடைசியில் அந்தக் குஞ்சுகளிலேயே ஜென்டாமைசினுக்கு அடங்காத சால்மொனெல்லா கிடைத்தது. தொழிலாகச் செய்தவர்களுக்கே அந்தக் கதி என்றால் நீங்களும் நானும் ஸ்பூனில் அளந்து என்ன சாதிக்கப் போகிறோம்? அதோடு என்ரோஃப்ளாக்சசின் உடம்புக்குள் போனால் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாக மாறிவிடும். அது நமக்கே எழுதித் தருகிற மருந்து; அதற்கு அடங்காத கிருமி ஆமையிடமிருந்து நமக்கு வந்தால் நமக்கும் அந்த மருந்து கேட்காது.

இதைப் படித்துவிட்டு ஆமையைத் தூக்கி எறியச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆமையைப் பழிக்கிறவர்கள் மேல் எனக்கே கோபம் உண்டு. நாய் முகத்தை நக்கினால் ரசிக்கிறவர்கள், ஆமை என்றதும் 'ஆமை புகுந்த வீடு' என்று பழமொழியை எடுத்து நீட்டுவார்கள். எனக்குச் சாதாரணச் சளி பிடித்தால்கூட தொட்டியைத்தான் பார்க்கிறார்கள். நாய்க்கும் குடலில் கிருமி உண்டு ஐயா.

சரி, அது கிடக்கட்டும். தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், கழிப்பறையில் ஊற்றுங்கள். வாளியும் பிரஷ்ஷும் அதற்கென்றே தனியாக இருக்கட்டும். ஆமையைத் தொட்டாலும் தண்ணீரைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அந்தப் பொடியை மூடி வையுங்கள்.

கேள்வியின் கடைசி வரியில், போகிற போக்கில், வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் ஊர்வன வேண்டாம் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். குழந்தை வளரும்வரை ஆமையைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் யாராவது இருக்கிறார்களா?