நாயைக் கட்டி வைக்கத் தடை போட்டால் மட்டக்களப்பில் நடக்குமா?

நாயை வெளியில் நெடுநேரம் கட்டி வைக்கக் கூடாது என்று சில நாடுகளில் சட்டம் இருக்கிறதே, மட்டக்களப்புப் பக்கம் அது சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். மணிக்கணக்குப் பார்க்கும் சட்டம் இங்கே எடுபடாது என்பது என் எண்ணம். சங்கிலியின் நீளத்தையும் நிழலையும் பார்க்கும் சட்டம் எடுபடலாம்.

களுவாஞ்சிகுடியில் மாமா வீட்டில் வீமன் என்று ஒரு ஊர் நாய் நிற்கிறது. பின்வளவு மாமரத்தில் இரண்டு முழச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். காலையில் நிழல் மரத்துக்கு மேற்கே விழும், பின்னேரம் கிழக்கே போய்விடும். வீமன் மரத்தைச் சுற்றிச் சுற்றியே சங்கிலியை ஒரு சாணாக்கிக்கொண்டு வெயில் பக்கம் மாட்டி நிற்கும். தண்ணீர்ச் சட்டி எட்டாது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அதைப் பார்க்கவே முடியாது. மாரியில் அதே இடம் சேறு.

அதைவிட மோசம் கழுத்துப்பட்டி. குட்டியில் போட்டதை யாரும் தளர்த்தவில்லை. மயிருக்குள் மறைந்து கிடந்தது. நாற்றம் வந்த பிறகுதான் பார்த்தோம், பட்டி தோலுக்குள் இறங்கியிருந்தது. மிருக வைத்தியர் மயக்க ஊசி போட்டுத்தான் எடுத்தார். மாமா கொடுமைக்காரர் இல்லை, தன் தட்டு மீனில் பாதியை நாய்க்குப் போடுகிற ஆள். கேட்டால், "கட்டாம விட்டா பக்கத்து வளவுக் கோழிக்கு ஆர் காசு குடுக்கிற?" என்பார். அவர் வேலி கிடுகு வேலி. அதில் நாய் போக வர எத்தனையோ ஓட்டை.

சரி, சட்டத்துக்கு வருவோம். ஜெர்மனியில் 2023 முதல் நாயைக் கட்டி வளர்ப்பதற்கே தடை. கலிபோர்னியாவில் ஒரே இடத்தில் கட்டி வைத்தால் ஒரு நாளைக்கு 3 மணி நேரம்தான். பென்சில்வேனியாவில் 2017-இல் வந்த சட்டம் 9 மணி நேரம் விடுகிறது. ஆனால் வெப்பம் 90 பாகை பாரன்ஹீட்டைத் தாண்டினால் அரை மணி நேரம் மட்டும். அது ஏறத்தாழ 32 செல்சியஸ். மே முதல் ஆகஸ்ட் வரை நமக்கு அது சாதாரண மத்தியானம். யார் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு வளவு வளவாக நிற்பது?

நம் நாட்டில் மிருகவதையைத் தடுக்க இருப்பது 1907-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். அதில் சங்கிலி நீளம், மணி நேரம் என்று எதுவும் கிடையாது. குற்றப்பணம் கூடினால் 100 ரூபாய். இன்றைக்கு அந்தக் காசுக்கு ஒரு நாய்ச் சங்கிலிகூட வாங்க முடியாது.

கலிபோர்னியச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று: இரண்டு பக்கமும் கம்பி இழுத்து, அதில் ஓடும் கப்பியில் நாயைக் கட்டலாம் என்கிறது. அதைத்தான் செய்தோம். இரண்டு தென்னைக்கு நடுவே கம்பி, அதில் வளையம், வளையத்தில் சங்கிலி. மரத்தைச் சுற்றாதபடி கம்பியின் இரண்டு முனையிலும் தடை வைக்க வேண்டும். வேலிக்குக் கிட்டவும் இழுக்கக் கூடாது, பாய்ந்தால் அந்தப் பக்கம் தொங்கிவிடும். கழுத்துப்பட்டிக்குள் இரண்டு விரல் போக வேண்டும். செலவு பெரிதாக இல்லை. இரவில் படலையைச் சாத்திவிட்டு அவிழ்த்தும் விடுகிறார்கள், கோழிகள் கூட்டுக்குள் போன பிறகு.

மாமிக்கு மட்டும் கோபம். நாங்கள் எடுத்தது அவருடைய உடுப்புக் காயப்போடும் கம்பி.