காலி வண்டியும் வழுக்கும் பின் சக்கரமும்: பிக்கப் ஓட்டுநர்களுக்குக் கேள்வி பதில்

வட சென்னைத் தண்டையார்பேட்டையில் வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்ப்பவன் நான். கமான் பட்டை (வண்டியைத் தாங்கும் வளைந்த இரும்புப் பட்டைகளின் அடுக்கு), ஆக்சில் (இரு பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் அச்சு), கிரவுன் (பின் ஆக்சிலின் நடுவே உள்ள பல் சக்கரப் பெட்டி), பிரேக், இவைதான் என் தொழில். மழைக்காலம் நெருங்கினால் பிக்கப் வைத்திருப்பவர்கள் ஒரே குறையோடு வருகிறார்கள்: பின் சக்கரம் பிடிக்கவில்லை. நம் பக்கத்துச் சாலைகளில் அதில் ஆச்சரியம் இல்லை. காசிமேட்டில் மீன் தண்ணீர், மணலி சாலையில் லாரிகள் சிந்திய ஆயில், மாதவரம் மூலக்கடை பக்கம் மெட்ரோ வேலைக்குப் போட்ட இரும்புத் தகடு, எண்ணூரில் கடல் மணல்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சக்கரம் தரையைப் பிடிப்பது இரண்டே விஷயத்தால்தான்: அதன் மேல் இறங்கும் எடை, ரப்பருக்கும் தரைக்கும் உள்ள உராய்வு. காசு கொடுத்து மாட்டும் எந்தச் சாமானும் இந்த இரண்டில் ஒன்றைக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் இருக்கிற பிடி வீணாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டும் செய்யாத சாமான் வண்டிக்குப் பாரம்தான்.

காசிமேட்டிலிருந்து, மீன் லோடு ஓட்டுபவர்: அண்ணே, பொலேரோ பிக்கப் வச்சிருக்கேன். லோடு தாங்கணும்னு பின்னாடி பக்கத்துக்கு ரெண்டு பட்டை கூடுதலாப் போட்டேன். லோடோட போனா அருமையா இருக்கு. காலியா ஈர ரோட்டில் கிளம்பினா பின்பக்கம் டக்டக்குனு குதிக்குது, சக்கரம் சும்மா சுத்துது. டயரை மாத்தினா சரியாயிடுமா?

தம்பி, டயருக்கு முன்னால் அந்தப் பட்டைகளைப் பார்க்க வேண்டும். லோடு ஏறும்போது வளைய வேண்டிய பட்டைக் கட்டு, காலியாக இருக்கும்போது இப்போது வளையவே மாட்டேன் என்கிறது. சாலையில் ஒரு சின்ன மேடு வந்தால் பட்டை அதை வாங்கிக்கொள்ளாமல் ஆக்சிலோடு சேர்த்து வண்டியையே தூக்கிவிடும். சக்கரம் தரையை விட்டு எழும்புகிற நொடியில் அதன் மேல் எடையே இல்லை. ஆக்சிலரேட்டரில் கால் இருப்பதால் அது காற்றில் வேகமாகச் சுற்றி, திரும்ப விழும்போது வழுக்கும். அதுதான் அந்த டக்டக் சத்தம்.

இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கலாம். என்ஜின் சக்கரத்தை முன்னோக்கித் திருப்பும்போது, அந்த விசைக்கு எதிராக ஆக்சில் ஹவுசிங், அதாவது ஆக்சிலின் வெளிக்கூடு, பின்னோக்கித் திரும்பப் பார்க்கும். கிரவுனின் மூக்கு, அதாவது ஜாயின்ட் ஷாஃப்ட் வந்து சேரும் முனை, மேலே எழும்பும். பட்டையின் முன்பாதி மேலே வளையும், பின்பாதி கீழே இழுபடும். ஓர் அளவுக்கு மேல் முறுக்கினால் பட்டை உதறிக்கொண்டு பழைய இடத்துக்கு வரும், மறுபடி முறுக்கும். இதைக் கண்ணால் பார்த்துவிடலாம். சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் போடுங்கள். தெரிந்த ஓட்டுநர் ஒருவரை உட்கார வைத்து, முதல் கியரில் கிளட்சை லேசாக விட்டு விட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில் தள்ளி நின்று குனிந்து பாருங்கள். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ அடியிலோ போகவே கூடாது. மூக்கு கொஞ்சம் அசைவது இயல்பு. நன்றாகத் தூக்கி அடித்தால், பட்டையை ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட், பட்டை முனையில் உள்ள ஷேக்கிள் புஷ் ஏதோ ஒன்று போய்விட்டது.

வைத்தியத்தை இந்த வரிசையில் செய்யுங்கள். யூ போல்ட் நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாகச் சம அளவில் இறுக்குங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை இறுக்குங்கள். மீன் வண்டியில் உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டிப் பட்டைகள் துருவால் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். கட்டைப் பிரித்துத் துருவைச் சுரண்டினாலே பாதி வளைவு திரும்பி வந்துவிடும். கூடுதலாகப் போட்ட பட்டைகளைக் கட்டிலிருந்து எடுத்துவிட்டு, லோடு இறங்கினால் மட்டும் வந்து தொடும் ஹெல்ப்பர் பட்டையாக மாற்றுங்கள். ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் போடாதீர்கள். இதையெல்லாம் செய்தும் குதித்தால்தான் ஆக்சிலையும் சேஸிஸையும் இணைக்கும் டிராக்‌ஷன் பாரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அவரே: பட்டை போட்ட பிறகு லோடோட பிரேக்கும் கொஞ்சம் கம்மியா இருக்கிற மாதிரித் தோணுது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. இதை நீங்கள் கேட்டது நல்லது. பல பிக்கப்களில் சேஸிஸுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே ஒரு கம்பி போகும், அதன் முனையில் ஒரு பிரேக் வால்வு இருக்கும். வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்து, லோடு எவ்வளவு என்று அந்த வால்வு கணிக்கிறது. தாழ்ந்திருந்தால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும், உயர்ந்திருந்தால் குறைக்கும். நீங்கள் பட்டை போட்டு வண்டியை உயர்த்திவிட்டதால், முழு லோடு இருக்கும்போதும் அதற்குக் காலி வண்டி மாதிரிதான் தெரிகிறது. பட்டையில் கை வைத்த அன்றே அந்தக் கம்பியின் அளவையும் கம்பெனி சொன்னபடி சரி செய்திருக்க வேண்டும். நாளைக்கே போய்ப் பாருங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

திருவொற்றியூரிலிருந்து: டாடா ஏஸ் ஓட்டுறேன். மழைக்குக் காலியா வரும்போது மணல் மூட்டை போட்டுக்கலாம்னு சொல்றாங்க. கடைசியில, கதவுப் பக்கம் போட்டா பின்னாடி நல்லா அழுத்தும்தானே?

மூட்டை போடுவது நல்ல யோசனை, செலவும் இல்லை. போடும் இடம்தான் தப்பு. ஏஸில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 2,100 மில்லிமீட்டர். பின் ஆக்சிலுக்கு 700 மில்லிமீட்டர் பின்னால் 100 கிலோ வைத்தால், பின் சக்கரங்களில் சுமார் 133 கிலோ கூடும். அந்தக் கூடுதல் 33 கிலோ முன் சக்கரங்களிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. பின்னால் பிடி வரும், ஸ்டியரிங்கும் முன் பிரேக்கும் ஈரத்தில் பலம் இழக்கும். மூட்டையைப் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே, இல்லையென்றால் ஒரு சாண் முன்னால் வையுங்கள். 50 கிலோ மூட்டை இரண்டு போதும். கயிறு போட்டுக் கட்டாமல் விடவே விடாதீர்கள். திடீர் பிரேக்கில் அது கேபின் சுவரைத்தான் வந்து இடிக்கும். லோடு ஏற்றும்போது மூட்டையை இறக்கிவிடுங்கள். அதுவும் எடைக் கணக்கில் வரும், அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் அபராதம் ₹20,000-ல் தொடங்குகிறது.

காற்றையும் பாருங்கள். முழு லோடுக்கு வைத்த காற்றோடு காலியாக ஓட்டினால் டயர் உப்பி, நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். காலிக்கும் லோடுக்கும் தனித்தனி அளவு கம்பெனி புத்தகத்தில் இருந்தால் அதன்படி, டயர் சூடாவதற்கு முன் வையுங்கள்.

கொடுங்கையூரிலிருந்து, தண்ணீர் கேன் வியாபாரம் செய்பவர்: அண்ணா, ரோடு ஓரம் ஒரு பக்கச் சக்கரம் சேத்துல இறங்கிட்டா அந்தச் சக்கரம் மட்டும் சுத்துது. தார் ரோட்டில் இருக்கிற சக்கரம் அசையவே மாட்டேங்குது. வண்டியில் ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை தங்கச்சி, கிரவுனின் அமைப்பே அப்படித்தான். அதற்குள் விசையைப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் எப்போதும் சம விசையைத்தான் கொடுக்கும். சேற்றில் இருக்கும் சக்கரத்தால் 10 கிலோ அளவுக்குத்தான் தள்ள முடியும் என்றால், தாரில் இருக்கும் சக்கரத்துக்கும் அதே 10 கிலோதான் கிடைக்கும். மொத்தம் 20. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் அதற்கு மேல் வராது, சேற்றில் பள்ளம்தான் ஆழமாகும்.

கையில் இருப்பதை வைத்தே ஒன்று செய்து பார்க்கலாம். ஹேண்ட் பிரேக் பின் சக்கர டிரம்மில் பிடிக்கும் வண்டியாக இருந்தால், முதல் கியரில் மெதுவாகக் கிளம்பும்போதே ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று பல் மட்டும் இழுங்கள். வெறுமனே சுற்றும் சக்கரத்துக்கு ஓர் எதிர்ப்பு கிடைக்கும், அதே அளவு விசை மறு சக்கரத்துக்கும் போகும். ஆனால் ஹேண்ட் பிரேக் அந்தச் சக்கரத்தையும் பிடிப்பதால் பலன் கொஞ்சம்தான், சில நேரம் இருக்கவே இருக்காது. வண்டி ஒரு இம்மியாவது நகர ஆரம்பித்ததும் பிரேக்கை விட்டுவிடுங்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் இது போதாது. அப்போது கேன்களை இறக்கிவிட்டுப் பலகை கொடுத்து எடுப்பதுதான் வழி.

வியாசர்பாடியிலிருந்து: அதே பிரச்சினைதான். கிரவுன் உள்ளே வெல்டிங் வச்சு லாக் பண்ணித் தரேன்னு ஒருத்தர் சொல்றார். குறைஞ்ச காசுதான் கேட்கிறார்.

வேண்டாம். சாலையில் ஓடும் வண்டிக்கு அதைச் செய்யவே கூடாது. திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள் சக்கரம் குறைவாக. வெல்டிங் வைத்தால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். நம் சந்துகளில் ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் தேயும், ஆக்சில் ஷாஃப்ட் முறுக்கு வாங்கி ஒரு நாள் உடையும், ஈரத்தில் வண்டி திரும்பாமல் நேராக இழுத்துக்கொண்டு போகும். உண்மையிலேயே தேவை இருந்தால், ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலோ, தேவைப்படும்போது மட்டும் பூட்டும் லாக்கரோ இருக்கும் வண்டியைப் பாருங்கள். டொயோட்டா ஹைலக்ஸில் பின் டிஃபரன்ஷியல் லாக் கம்பெனியிலிருந்தே வருகிறது. ஆனால் தினமும் தார்ச் சாலையில் கேனும் காய்கறியும் ஏற்றும் வண்டிக்கு அந்தச் செலவு தேவையே இல்லை என்பேன்.

மாதவரத்திலிருந்து: கேம்ப்பர் பிக்கப்பில் பெரிய டயர், லிஃப்ட் பிளாக், என்ஜின் ரிமாப் மூணும் பண்ணியிருக்கேன். பார்க்க கெத்தா இருக்கு, ஆனா ஈரத்தில் முன்னைவிட அதிகமா ஸ்பின் ஆகுது.

மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம் தம்பி. ரிமாப், அதாவது என்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவது, செய்தால் சக்கரத்துக்கு வரும் விசை கூடும், தரையின் பிடி கூடாது. பிடிக்கு மேல் வரும் விசை முழுவதும் ஸ்பின்னாகத்தான் போகும். டயர் விட்டம் 10 சதவீதம் கூடினால் தரையில் தள்ளும் விசை சுமார் 9 சதவீதம் குறையும். அதைச் சமாளிக்க நீங்கள் இன்னும் மிதிப்பீர்கள். ஸ்பீடோமீட்டர் 50 காட்டும்போது வண்டி 55-ல் போகும். லிஃப்ட் பிளாக்தான் எனக்குப் பெரிய கவலை. அது பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே உயரத்தைக் கூட்டுவதால், மேலே காசிமேடு தம்பிக்குச் சொன்ன முறுக்கு இன்னும் அதிகமாகும். முதலில் பிளாக்கை எடுங்கள். அகலமான டயர் மணலில் நல்லது, தேங்கிய தண்ணீரில் கம்பெனி அளவு டயரே தண்ணீரைக் கிழித்துத் தரையைத் தொடும்.

எண்ணூர் தாழங்குப்பத்திலிருந்து: கரைக்குப் போய் மீன் ஏத்தணும். மணல்ல புதையாம இருக்க என்ன செய்யலாம்?

காற்றை இறக்குவதுதான் முதல் வேலை. காலி வண்டியில் 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கலாம். டயர் படுத்து, நீளமாக மணலைத் தொடும், புதையாது. லோடு ஏறின வண்டியில் அவ்வளவு இறக்கக் கூடாது, அதனால் தார் ஓரம் வரை கூடையைத் தூக்கி வந்து ஏற்றுவதுதான் நல்லது. மணலில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதீர்கள், ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடிக்காதீர்கள், டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். சக்கரம் சுற்ற ஆரம்பித்த உடனே காலை எடுத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் மிதித்தால் வந்துவிடும் என்று தோன்றும், வராது, ஆக்சில் மணலில் உட்காரும். சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தோண்டி எடுத்துவிட்டுப் பலகை கொடுங்கள். பழைய நைலான் வலையைப் போடுவதைப் பார்க்கிறேன். அது பிரேக் டிரம் பக்கம் சுற்றி இறுகிக்கொள்ளும், அப்புறம் கழற்றி வெட்டி எடுக்க வேண்டும். பலகை எகிறும், அதனால் பின்னால் யாரும் நிற்க வேண்டாம். தாருக்கு ஏறும் முன் காற்றைத் திரும்ப அடித்துவிடுங்கள். அன்றைக்கே நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள்.

ராயபுரத்திலிருந்து: ரெண்டு டயர் வாங்கத்தான் காசு இருக்கு. முன்னாடி போடவா, பின்னாடியா?

பின்னாடி. ஈரத்தில் முன்பக்கம் வழுக்கினால் ஓட்டுநருக்குத் தெரியும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிக்கொள்ளும். ஆனால் முன்னால் மொட்டை டயர் இருக்கலாம் என்று அர்த்தம் இல்லை. டயர் பட்டன், அதாவது ரப்பரில் உள்ள கோடுகளின் ஆழம், 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் எந்தச் சக்கரமானாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். மழையில் ஓடும் வண்டிக்கு அதற்கும் முன்பே மாற்றச் சொல்வேன்.

பெரம்பூரிலிருந்து: மின்சார பிக்கப் எடுத்திருக்கேன். ஈரத்தில் ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்னாடி லேசா இழுக்குது.

பின் சக்கரத்தை மோட்டார் ஓட்டும் வண்டியில் காலை எடுத்ததும் மோட்டாரே பிரேக் மாதிரி பிடித்து மின்சாரத்தைத் திருப்பி எடுக்கும். அந்தப் பிடி முழுவதும் பின் சக்கரத்தில்தான். காலி வண்டியில் அங்கே எடை இல்லை, அதனால் வழுக்குகிறது. காலைச் சட்டென்று எடுக்காமல் படிப்படியாக விடுங்கள். ரீஜென் என்று சொல்லும் இந்தப் பிடியின் அளவைக் குறைக்க வசதி இருந்தால் மழையில் குறைத்து வையுங்கள். டீசல் வண்டியிலும் இரும்புத் தகட்டின் மேல் திடீரென்று கியரைக் குறைத்தால் இதேதான் நடக்கும்.

மறுபடி வியாசர்பாடியிலிருந்து: கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்னப்போ ஒருமுறை இறங்கி ஏறிட்டேன். அப்போதிலிருந்து பின்னாடி ஊளை மாதிரி சத்தம்.

கிரவுன் ஆயிலை உடனே பாருங்கள். ஓடிச் சூடான ஹவுசிங் சட்டென்று தண்ணீரில் நனைந்தால் உள்ளே காற்று சுருங்கும், சீல் வழியாகவும், மேலே காற்றுப் போக இருக்கும் சின்னத் துளையான பிரீதர் வழியாகவும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். டிரெய்ன் பிளக்கைத் திறந்ததும் பால் ஊற்றின டீ மாதிரி வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. முழுவதும் வடித்து, கம்பெனி சொன்ன கிரேடில் புது ஆயில் ஊற்றி, பிரீதரை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். அதற்குப் பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றால் பேரிங்கையோ பல்லையோ கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

மணலியிலிருந்து: இதெல்லாம் பண்ணினா எஃப்.சி.யில், அதாவது வண்டித் தகுதிச் சான்று வாங்குறப்போ, பிரச்சினை வருமா?

நான் முதலில் சொன்னவை, அதாவது துருவை எடுப்பது, யூ போல்ட் இறுக்குவது, கம்பெனி அளவு டயர், புது ஷாக் அப்சார்பர், சரியான காற்று, கட்டி வைத்த மூட்டை, எதற்கும் தடை இல்லை. கம்பெனி பதிவு செய்த விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ₹5,000 அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணத்துக்கும் சிக்கல் வரும். லிஃப்ட், பெரிய டயர், சேஸிஸில் வெல்டிங் வைக்கும் பார் மாதிரி எதுவானாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு அப்புறம் பட்டறைக்கு வாருங்கள்.